பில்லில் இருந்த பிரேக் வேலை வண்டியில் இல்லை: கோத்தகிரி இறக்கத்தில் எங்களுக்கு நடந்தது

போன மே மாதம், கோத்தகிரி தாண்டி மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில், 81 வயது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, என் காலுக்குக் கீழே பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்ப் படுத்துவிட்டது. உயிரோடு வீடு வந்து சேர்ந்ததால் இதை எழுதுகிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் மலை ரேலிக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

எங்கள் வண்டி 1954 மோரிஸ் மைனர். 803 சிசி எஞ்சின், நான்கு கியர், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். தாத்தா வாங்கியது. அப்பாவுக்குப் பதினொரு வயதில் வீட்டுக்கு வந்த வண்டி. பின்னாளில் அவர் ஓட்டப் பழகியதும் இதில்தான். கோவையிலிருந்து ஊட்டிக்கு இரண்டு நாள் கிளப் ரேலி என்று அறிவிப்பு வந்ததும், "இன்னொரு தடவை இவளை மலை ஏத்திப் பார்த்துடலாம் கண்ணு" என்றார். அவர் அப்படிக் கேட்ட பிறகு எப்படி மறுப்பது?

ரேலி விதிமுறையில் ஒரு வரி இருந்தது. வண்டிகளைப் புறப்படும் முன் சோதிப்பார்கள். ஆனால் அவர்கள் சொல்லும் குறிப்பிட்ட ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை செய்து முத்திரை வாங்கி வந்தால் சோதனை தேவையில்லை. பழைய வண்டி வேலைக்குப் பேர் போன இடம் என்று பலரும் சொன்னார்கள். நம்பிக் கொடுத்தேன். பதினெட்டு நாள் கழித்து 46,800 ரூபாய்க்கு பில் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் புது லைனிங் (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை), ஆறு வீல் சிலிண்டருக்கும் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளுவது) புது ரப்பர் கிட், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது) கிட், மூன்று பிரேக் ஹோஸ், புது பிரேக் ஆயில். எல்லாம் வரிசையாக எழுதி, கீழே முத்திரை.

நான் செய்த தவறு, கழற்றிய பழைய சாமான்களைக் கேட்காதது. கேட்டிருந்தால் அங்கேயே விஷயம் வெளிவந்திருக்கும்.

வண்டியை எடுத்த அன்றே ஒரு அறிகுறி இருந்தது. சமதளத்தில் நியூட்ரலில் விட்டால் முன்பு தானாக உருண்டு போகும் வண்டி, இப்போது இரண்டடியில் நின்றது. கேட்டேன். "புது லைனிங் சார், ஒரு 200 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிரும்" என்றார்கள். புது லைனிங் கொஞ்சம் உரசுவது உண்டுதான். அதனால் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டேன்.

ரேலி நாள் காலை இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள். வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுகள், லேண்ட்மாஸ்டர், ஃபியட் 1100, ஒரு ஆஸ்டின் ஏ40. பார்க்கவே மனசு நிறைந்தது. முத்திரையைக் காட்டினேன், பானெட்டைக்கூடத் திறக்காமல் நம்பர் ஒட்டி அனுப்பினார்கள். பர்லியார் தாண்டி ஏறும்போது வண்டி முக்கியது. இரண்டாவது கியரில் ஏற வேண்டிய இடத்தில் முதல் கியர் கேட்டது, ரேடியேட்டர் கொதித்து இரண்டு முறை நிறுத்தினோம். வயசான எஞ்சின் என்று நினைத்தேன். பாவம், எஞ்சின் மேல் ஒரு குறையும் இல்லை. பிரேக்கைப் பிடித்தபடியே மலை ஏறியிருக்கிறது அந்த வண்டி.

மறுநாள் இறக்கம். சீசன் நேரத்தில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு சுமார் 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வண்டி ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த எடை அந்த உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சின் பிடித்து நிறுத்துவது போக, மீதியில் பெரும்பகுதி டிரம்மில்தான் சூடாக இறங்கும்.

இரண்டாவது கியரில்தான் வந்தேன். அப்பா பக்கத்திலிருந்து, "மூணுக்குப் போகாதே, ரெண்டுலயே வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு கிலோமீட்டர் தாண்டியதும் கருகல் வாடை. ஓரம் கட்டலாம் என்று மிதித்தேன், பெடல் பாதி இறங்கிப் பிடித்தது. அடுத்த மிதியில் தரையைத் தொட்டது. பம்ப் செய்தேன், ஒன்றுமில்லை. எதிரே ஒரு கொண்டை ஊசி வளைவு, அதில் ஏறி வந்துகொண்டிருந்தது ஒரு பஸ்.

இந்த வண்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ (ஓடும்போது பல் கடிக்காமல் கியர் விழ உதவும் அமைப்பு) கிடையாது. நியூட்ரலுக்கு வந்து, ஆக்சிலேட்டரைக் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்துத்தான் போட வேண்டும். முதல் தடவை பல் கடித்தது, விழவில்லை. வண்டி நியூட்ரலில் வேகம் எடுத்தது. "ஹேண்ட் பிரேக், ஹேண்ட் பிரேக்" என்று அப்பாவே கையை வைத்து இழுத்தார். அது கேபிளில் பின் சக்கரங்களைப் பிடிப்பது, ஆயிலோடு சம்பந்தமில்லை. வேகம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. இடப்பக்கம் மலை இருந்தது எங்கள் நல்ல நேரம். மண் மேட்டில் சாய்த்தேன். மட்கார்டு நசுங்கியது, ஹெட்லைட் உடைந்தது, அப்பாவின் வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். பஸ் டிரைவர் இறங்கி ஓடி வந்து, முதலில் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார். அவர் பெயரைக்கூடக் கேட்க மறந்துவிட்டேன்.

எல்லா வண்டிகளுக்கும் பின்னால் வருவதாக ரேலி நடத்தியவர்கள் சொன்ன சர்வீஸ் வேன் அந்தப் பாதையில் வரவே இல்லை. போன் செய்தால் ஊட்டியிலேயே நிற்கிறதாம்.

வண்டியைக் கட்டி இழுத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய பட்டறைக்குக் கொண்டுபோனோம். எழுபது வயதைத் தொட்ட மெக்கானிக். சக்கரத்தைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாருங்க. ரப்பர் எல்லாம் பழசுங்க. பெட்ரோல்ல கழுவிப் போட்டிருக்காங்க. ஊறி உப்பிப் போச்சு, திரும்பி வரவே இல்ல." பிரேக் ரப்பரை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக்கூடாது, உப்பிவிடும். உப்பிய ரப்பர் ஷூவை (லைனிங் ஒட்டியிருக்கும் வளைந்த இரும்பை) விடாது, ஷூ டிரம்மை விடாது, சூடு ஏறிக்கொண்டே போகும்.

லைனிங் முன் சக்கரங்களுக்கு மட்டும் புதிது. மூன்று ஹோஸும் வெடிப்பு விட்ட பழையவை. மாஸ்டர் சிலிண்டர் இந்த வண்டியில் டிரைவர் காலடியில், சேஸிஸுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் டார்ஷன் பாரை (முன் சஸ்பென்ஷன் கம்பியை) நகர்த்த வேண்டும், அரை நாள் வேலை. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், மூடித் தகட்டின் ஸ்க்ரூக்களில் பழைய பெயின்ட் அப்படியே உறைந்து கிடக்கிறது. தொடவே இல்லை! உள்ளே இருந்த ஆயில் காப்பி டிகாஷன் நிறம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 தரத்துப் புது பிரேக் ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் உள்ளே ஆவி. ஆவியை மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். இந்தக் கால வண்டிகளில் பிரேக் லைன் இரண்டாகப் பிரிந்திருக்கும். எங்களுடையதில் ஒரே லைன், போனால் நான்கும் போச்சு.

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். "மலையில பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா எந்த வண்டியும் இப்படித்தான் சார்" என்றார் முதலாளி. ஸ்க்ரூ போட்டோவை அனுப்பினேன். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ரேலி நடத்தியவர்கள், எதற்கும் பொறுப்பில்லை என்று நான் கையெழுத்திட்ட தாளைத் திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் சொன்ன இடத்தின் முத்திரையை நம்பித்தானே சோதனையைத் தவிர்த்தீர்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. அப்பாவைப் போல எத்தனை பெரியவர்கள் அன்று அந்த வண்டிகளில் இருந்தார்கள்!

கழற்றிய ரப்பர், ஹோஸ் எல்லாவற்றையும் தேதி எழுதி கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மெக்கானிக் கைப்பட எழுதியும் கொடுத்தார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டாயிற்று. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் யோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது.

மலைக்குப் போகும் முன் ஜாக்கி போட்டு, நான்கு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். பெடலை நன்றாக மிதித்து விட்ட பிறகும் மறுபடி சுற்றிப் பாருங்கள். இறுகினால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். புது ரப்பரை உங்கள் கண் முன்னால் பாக்கெட் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

வரும் சீசனுக்கும் அதே விதிமுறையோடு அறிவிப்பு வந்திருக்கிறது. சென்ற முறை அந்த முத்திரை வாங்கியவர்கள் இன்றைக்கே கார்ப்பெட்டைத் தூக்கி, மாஸ்டர் சிலிண்டர் மூடியைப் பாருங்கள். பெயின்ட் உடையாமல் இருந்தால், போட்டோ எடுத்து பில்லோடு எனக்கு அனுப்புங்கள். அடுத்த வாய்தாவுக்குள் வந்தால் வழக்கில் சேர்த்துவிடுவேன்.