கேம்பர் வேனில் தண்ணீர்த் தொட்டிகள்: மூன்றரை வருட அனுபவம்

கோவையில் ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி, நானும் என் மச்சானும் வீட்டு வாசலிலேயே வைத்து கேம்பராக மாற்றினோம். படுக்கை, அடுப்படி, லைட், ஃபேன் எல்லாம் முதல் தடவையிலேயே ஒழுங்காக அமைந்துவிட்டன. தண்ணீர் லைனைத்தான் மூன்று முறை பிரித்துப் பூட்ட வேண்டியிருந்தது. கடைசியாகப் பூட்டி ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. புதிதாக வண்டி கட்டுபவர்கள் முதலில் கழிவுநீரை யோசியுங்கள், நல்ல தண்ணீரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் தலைகீழாகச் செய்துதான் அவதிப்பட்டேன்.

நல்ல தண்ணீருக்கு 80 லிட்டர் தொட்டி, உணவுப் பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக். மலிவாகக் கிடைக்கிற நீல டிரம்களில் முன்பு என்ன ரசாயனம் இருந்ததோ, அந்தப் பக்கமே போகாதீர்கள். 80 லிட்டர் என்றால் 80 கிலோ. அதை வண்டியின் வால் பக்கம் வைத்தால் மேடு பள்ளத்தில் பின்பக்கம் தூக்கிப் போடும். அதனால் பின் அச்சுக்கு நேர் மேலே, கட்டிலுக்கு அடியில், இரும்பு ஃபிரேமுக்குள் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறோம். சடன் பிரேக் போட்டாலும் அசையாது. வெயில் படாத இடம் என்பதால் பாசியும் பிடிக்கவில்லை. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப்பில் ஒரு துண்டை வெளிப்பக்கமாக நிற்க வைத்துவிட்டோம். மீட்டர் எதுவும் தேவைப்படவில்லை.

முதலில் வீட்டில் போடுவது போல சிபிவிசி குழாயை வெட்டி, எல்போ வைத்து ஒட்டினோம். ஆறே மாதத்தில் ஒரு எல்போ விரிந்துவிட்டது. வீட்டுச் சுவர் அசையாமல் நிற்கிறது, வண்டி நாள் முழுக்க அதிர்கிறது; ஒட்டிய மூட்டு அதைத் தாங்காது. இப்போது எல்லா இடத்திலும் நூல் பின்னிய ஹோஸும் ஸ்டெயின்லெஸ் கிளாம்பும்தான். பம்ப் 12 வோல்ட், அழுத்தம் 35 பிஎஸ்ஐ. குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். ஒருநாள் நடுராத்திரி யாரும் குழாயைத் தொடாமலே இரண்டு நொடி ஓடி நின்றது. எங்கேயோ கசிந்து அழுத்தம் இறங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தேடிப் பார்த்ததில் சிங்க்குக்கு அடியில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தது. பம்ப்புக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம் போடுங்கள். தொட்டியில் துளை போட்டபோது உள்ளே விழுந்த பிளாஸ்டிக் சுருள் எங்களுக்கு மூன்று மாதம் வரை வந்துகொண்டே இருந்தது.

சரி, கழிவுநீருக்கு வருகிறேன். முதலில் வைத்தது 30 லிட்டர் தொட்டி. நாங்கள் நான்கு பேர், சமையலும் பாத்திரமும் முகம் கழுவுவதுமாக ஒரு நாளைக்கு 25 லிட்டர் ஆகிவிடும். இரண்டாம் நாள் காலையிலேயே சிங்க்கில் தண்ணீர் எதிர்த்து ஏறியது. இப்போது வண்டியின் தரைக்கு அடியில் 60 லிட்டர் தொட்டி இருக்கிறது. அதற்குப் போகும் குழாய்க்கு வாட்டம் மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கொடுத்தோம். வண்டி சரிவில் நின்றால் அந்த வாட்டமே மாறிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

தொட்டியில் காற்றுக்குழாய் வைக்காதது இன்னொரு தவறு. தண்ணீர் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று போக வேறு வழியில்லாமல், களுக் களுக்கென்று சிங்க் வழியாகவே நாற்றத்தோடு ஏறியது. அரை அங்குல டியூப் ஒன்றைத் தொட்டியின் மேல்பக்கத்திலிருந்து வண்டியின் வெளிப்பக்கமாக மேலே கொண்டுபோன பிறகு அந்தச் சத்தமே இல்லை. ஆனாலும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தபோது மறுபடி நாறியது. சிங்க்குக்குக் கீழே வளைந்த குழாயில் நாற்றத்தைத் தடுத்து நிற்க வேண்டிய தண்ணீர் குலுங்கிக் குலுங்கித் தொட்டிக்குள் போயிருந்தது. இப்போது கிளம்பும்போது சிங்க்கை ரப்பர் அடைப்பால் மூடுகிறோம், போய்ச் சேர்ந்ததும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுகிறோம்.

நம் சமையலுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. அரிசி கழுவிய கழனித் தண்ணீரும் வடித்த கஞ்சியும் தொட்டிக்குள் போனால், தஞ்சாவூர் சித்திரை வெயிலில் ஒரே நாளில் புளித்துப்போகும். அந்த நாற்றத்தை எந்த மருந்தும் அடக்கவில்லை. இப்போது இரண்டையும் தனி வாளியில் பிடித்து, பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களைக் கேட்டுக் கொடுத்துவிடுகிறோம். எண்ணெய்ப் பாத்திரத்தைப் பழைய செய்தித்தாளால் துடைத்த பிறகே கழுவுகிறோம்.

நம் ஊர்ப் பக்கம் கழிவுநீரைக் கொட்ட என்று தனி இடம் கிடையாது. தங்கும் விடுதியிலோ பெட்ரோல் பங்க்கிலோ அனுமதி கேட்டு, அவர்கள் சொல்லும் சாக்கடையில் ஹோஸ் போட்டு இறக்குகிறோம். ஓடையோரத்திலோ காட்டிலோ வால்வைத் திறப்பதை என்னால் ஏற்கவே முடியாது. அந்த இடங்களைப் பார்க்கத்தானே போகிறோம்? காலி செய்ததும் ஒரு வாளி சுத்தமான தண்ணீர் ஊற்றிப் பத்து கிலோமீட்டர் ஓட்டினால், அந்தக் குலுக்கலே தொட்டியைக் கழுவிவிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, கிருமி போக வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) 80 மில்லி கலந்து, எல்லாக் குழாயிலும் அந்த வாடை வரும்வரை திறந்துவிட்டு நான்கு மணி நேரம் வைக்கிறேன். பிறகு இறக்கிவிட்டு, வாடை போகும்வரை அலசுவேன். கிளம்பும்போது நிரப்புவது சிறுவாணித் தண்ணீர். வழியில் போர் தண்ணீர் பிடித்தால் குழாய் முனை வலையில் வெள்ளையாக உப்பு படிகிறது, அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறவைக்கிறேன். குடிப்பதற்குத் தனி கேன் வைத்திருக்கிறோம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கழிவு வால்வ் தரையை ஒட்டி இருப்பதால் வேகத்தடையில் இரண்டு முறை உரசிவிட்டது. அடுத்த பயணத்துக்கு முன் இரும்புத் தகடு வளைத்து அதற்கு ஒரு காப்பு போட வேண்டும்.