பாட்டில் மூடிக் கடிகாரம் வாங்கலாம், பூச்சாடி வேண்டாம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினில் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தும் மெஷின்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிளாஸ்டிக் சாமான் எது கையில் கிடைத்தாலும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். வேளச்சேரியில் ஒரு மகளிர் குழு, கழிவு பிளாஸ்டிக்கில் வீட்டு அலங்காரப் பொருட்கள் செய்து விற்கிறது. மகள் கூட்டிப்போனாள். ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு பூச்சாடியும் வாங்கி வந்தோம்.

கடிகாரம் 650 ரூபாய். கொடுத்த காசுக்கு மேலேயே தரம் இருக்கிறது. தண்ணீர் பாட்டில், சோடா பாட்டில் மூடிகளைச் சில்லாக அரைத்து, இரும்பு அச்சில் பரப்பி, உருக்கி அழுத்திய தகடு அது. நீலமும் சிவப்பும் வெள்ளையும் ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருக்கின்றன. ஒரு சொட்டு பெயின்ட் கிடையாது, எல்லாம் மூடியின் நிறமே. முக்கியமாக, தகடு வளையவில்லை. மூடியின் பிளாஸ்டிக்கான ஹெச்டி (கெட்டியான பாலித்தீன் வகை) ஆறும்போது நன்றாகச் சுருங்கும். அவசரப்பட்டு அச்சைத் திறந்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். "ராத்திரி பூரா கிளாம்ப் போட்டு விட்ருவோம் சார், காலைலதான் தொடுவோம்" என்றார் அங்கிருந்த பெண். சரியான பதில்.

பிரிப்பதிலும் கவனமாக இருக்கிறார்கள். அரைத்த சில்லைத் தண்ணீரில் கொட்டினால் ஹெச்டி மிதக்கும், பெட் (தண்ணீர் பாட்டில் செய்கிற பிளாஸ்டிக்) பாட்டில் துண்டு மூழ்கிவிடும். ஹெச்டி உருக 130 டிகிரி செல்சியஸ் போதும், பெட்டுக்கு 250 வேண்டும். தெரியாமல் கலந்துவிட்டால் பெட் துண்டு உருகாமல் உள்ளேயே நிற்கும், தகடு அந்த இடத்தில்தான் விரிசல் விடும். சில மூடிகளில் இருக்கும் பிபியும் (பாலிப்ரோப்பிலீன்) மிதக்கும் என்பதால் தண்ணீரை மட்டும் நம்ப முடியாது. அரைப்பதற்கு முன்பே மூடியில் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் எண் 2 (ஹெச்டி) என்றிருக்கிறதா, 5 (பிபி) என்றிருக்கிறதா என்று பார்த்துக் கையால் பிரிக்கிறார்கள். எண் 3 போட்ட பிவிசியை வாங்குவதே இல்லை. சூடேறினால் அது ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவைக் கக்கும். அதைச் சுவாசிக்கப் போவது அந்தப் பெண்கள்தானே. இதைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே நிம்மதி.

பூச்சாடி விஷயம் வேறு. ஷாம்பு பாட்டிலை வெட்டி, தங்க நிற ஸ்பிரே அடித்து, பூக்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஹெச்டியில் பெயின்டும் பசையும் லேசில் பிடிக்காது. ஃபேக்டரியிலேயே பிரின்ட் போடுவதற்கு முன் பாட்டிலைத் தீயில் காட்டி எடுப்பார்கள். இங்கே அது இல்லாததால் சில வாரங்களிலேயே தங்கம் செதில் செதிலாக உரிய ஆரம்பித்துவிட்டது. உரிவதுகூடப் பரவாயில்லை. பெயின்ட், பசை, மினுமினுப்பு எல்லாம் ஏறிய பாட்டிலைக் காயலான் கடையில்கூட எடுக்க மாட்டார்கள். மறுபடி உருக்கியிருக்கக்கூடிய நல்ல ஹெச்டியைக் குப்பைமேட்டுக்கு அனுப்புகிற வேலை இது. கடிகாரத்தில் மெஷினை ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கிறார்கள். நாளைக்கு உடைந்தாலும் கழற்றிவிட்டு அரைத்துவிடலாம்.

பால் பாக்கெட்டைக் கீற்றாக நறுக்கிப் பின்னிய மேசை விரிப்பும் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது பால் பாக்கெட்டுக்கு விலக்கு கொடுத்தார்கள். அதனால் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. பின்னல் நெருக்கமாக இருந்தது. வாங்கும் முன் ஒருமுறை மோந்து பார்த்துவிடுங்கள்.

கடிகாரத்தை நேர் வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம், நாளடைவில் நிறம் வெளுத்து நொறுங்கும். அப்புறம், நாம் சேர்த்துவைத்த மூடிகளையும் அங்கே வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய வளையத்தை எடுத்துவிட்டு, கழுவிக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.