ஸ்பிளிட்டா, லேயரா? 61 கீ கீபோர்டில் எது கைகொடுக்கும்?

கீபோர்டு வாங்கியதும் பலரும் முதலில் மயங்குவது, இரண்டு டோன்களை (வாத்திய ஒலிகளை) ஒன்றாக ஒலிக்கவைக்கும் லேயரில்தான். யமஹாவின் சின்ன மாடல்களில் இதற்கு டூயல் என்று பெயர். பியானோவும் ஸ்டிரிங்ஸும் ஒரே கீயில் சேர்ந்து ஒலிக்கும்போது மூன்று விரல் கார்டே கூடத்தை நிறைத்துவிடும். ஒருவர் பாட, நிதானமான மெலடிக்கு நீங்கள் பின்னணி மட்டும் வாசிக்கிறீர்கள் என்றால் லேயரே போதும். ஸ்டிரிங்ஸ் வால்யூமைப் பியானோவைவிட நன்றாகக் குறைத்து வையுங்கள்.

பாட்டு வேகமெடுத்தால் லேயர் காலை வாரும். பியானோ தொட்டதும் பேசும். ஸ்டிரிங்ஸ் மெல்லத்தான் எழும். அது எழுவதற்குள் விரல் அடுத்த ஸ்வரத்துக்குப் போயிருக்கும். பாலிஃபனியும், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கையும், பாதியாகும். 32 பாலிஃபனி உள்ள கீபோர்டில் இரண்டு டோன் சேர்த்தால் 16 ஸ்வரத்தைத் தாண்டாது. ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை மிதித்தபடி கார்டு மாற்றிப் பாருங்கள், பழைய ஸ்வரங்கள் பாதியில் அறுபடும். ரிதம் ஸ்டைலும் ஓடினால் அதுவும் இதிலேயே பங்கு கேட்கும்.

ஸ்பிளிட் என்பது கீபோர்டை ஒரு கீயில் இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு டோன் வைப்பது. இதில் ஒரு கீக்கு ஒரு டோன்தான், அதனால் அந்தச் சுமை இல்லை. இடது கையில் ஸ்டிரிங்ஸ், வலது கையில் புல்லாங்குழல் என்று தனியாளாக ஒரு பாட்டை முழுதாகத் தரலாம். சிக்கல் வருவது எல்லைக்கோட்டில். யமஹா பிஎஸ்ஆர்-ஈ373-ல் வழக்கமாக இருக்கும் எல்லை, மிடில் சி-க்குக் கீழே உள்ள எஃப் ஷார்ப். ஒரு கட்டையில் மிடில் சி-யை சட்ஜமாக வைத்து வாசித்தால் மந்தர பஞ்சமம் வலதுபக்கமே நிற்கும். பாட்டு இன்னும் ஒரு படி இறங்கி மத்யமத்தைத் தொட்டால் குழல் போய் ஸ்டிரிங்ஸ் ஒலிக்கும். அதனால் பாட்டின் மிகக் கீழான ஸ்வரத்தைப் பார்த்துத்தான் எல்லையை வைக்க வேண்டும். இடதுபக்க டோனையும் ஒரு ஆக்டேவ் ஏற்றுங்கள். இல்லையென்றால் கார்டு கலங்கலாகக் கேட்கும்.

நம் பாட்டுக்கு ஸ்பிளிட்டில் பெரிய குறை கமகம்தான். ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீலைத் தொட வேண்டிய இடது கை கார்டில் மாட்டிக்கொண்டிருக்கும். பெடலால் கார்டை நிறுத்திவிட்டு வீலைத் திருப்பலாம் என்றால், பல மாடல்களில் இரண்டு பக்கமும் சேர்ந்தே வளையும். குழலோடு கார்டும் சுருதி விலகும். பெடல் இடதுபக்கத்துக்கு வேலையே செய்யாத மாடல்களும் உண்டு. வாங்கும்போதே இந்த இரண்டையும் கடையில் வாசித்துப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு இருந்தும், தனியாக மேடை ஏறுபவருக்கு நான் ஸ்பிளிட்டையே சொல்வேன். கார்டும் மெலடியும் தனித்தனிக் குரலில் கேட்டால்தான் பாட்டு பாட்டாக இருக்கும். இடையிசையில் குழல் மெலிந்து தெரிந்தால் வலதுபக்கம் மட்டும் லேசாக ஒரு ஸ்டிரிங்ஸ் லேயர் சேர்க்கலாம். பாட்டுக்குப் பாட்டு எல்லை மாறும் என்பதால், ஒவ்வொன்றையும் ரிஜிஸ்ட்ரேஷன் மெமரியில் தனி எண்ணில் சேமித்து வையுங்கள்.