சிவப்பு விளக்கு ஹெட்லேம்ப்: தேவாங்கு தேட உதவுமா?

சேலம் எலக்ட்ரிக்கல் கடைகளில் 500 ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கிற, மூன்று சின்ன பேட்டரி போடும் ஹெட்லேம்ப் பற்றியது இது. பெட்டியில் 'சிவப்பு விளக்கும் உண்டு' என்று போட்டிருக்கும். அதை நம்பி தேவாங்கு கணக்கெடுக்க வாங்காதீர்கள். அந்தச் சிவப்பு எல்.இ.டி. காலடியில் வழி பார்க்கத்தான் ஆகும்.

தேவாங்கின் சுமார் 300 கிராமே தேறும் சாம்பல் நிற உடல், இருட்டில் கிளையோடு கிளையாகிவிடும். காட்டிக்கொடுப்பது கண்தான். விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலம் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஆகவே விளக்கு நம் கண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் மினுக்கம் நமக்குத் தெரியாது. ஹெட்லேம்ப் வாங்க இந்த ஒரு காரணமே போதும்.

பெரிய குறை சுவிட்ச். அழுத்தினால் முதலில் முழு வெள்ளை, பிறகு மங்கல், அப்புறம் மின்னல், கடைசியில்தான் சிவப்பு. பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் தேவாங்கின் முகத்தில் அத்தனையும் அடிக்கும். இருட்டுக்கென்றே அமைந்த அந்தப் பெரிய கண்களுக்கு அது கொடுமை.

சரிசெய்யலாம். பரிசுப்பொருள் சுற்றும் சிவப்புக் கண்ணாடித்தாளை வெள்ளை விளக்கின் மேல் இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒரு மடிப்பென்றால் இளஞ்சிவப்பாகக் கசியும். விளிம்பில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். முழு வெளிச்சத்தில் நெடுநேரம் எரிந்தால் சூட்டில் தாள் சுருங்கும், மாற்றுத்தாள் வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான் என்பதால் கொஞ்சம் மங்கும்.

சிவப்புத் தாளில் எல்லாக் கண்ணும் சிவப்பாகவே தெரியும், நிறத்தை நம்பாதீர்கள். தரையில் ஒற்றைப் பொட்டாக மினுங்குவது பெரும்பாலும் சிலந்தி. புதரிலோ மரத்திலோ நெருக்கமாக இரண்டு புள்ளிகள், தலை திரும்பும்போது அணைந்து மறுபடி எரிந்தால், நின்று பாருங்கள்.

கிழக்குத் தொடர்ச்சி மலைப் புதர்க்காடுகள் தேவாங்கின் வாழிடம். சேர்வராயன் அடிவாரத்திலும் இந்த மாதிரிக் காடு உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் உள்ளே போகக் கூடாது. பார்த்ததும் ஒளியைக் கண்ணுக்குக் கீழே இறக்குங்கள், இரண்டு நிமிடத்தில் நகருங்கள், ஃப்ளாஷ் வேண்டாம். மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் தேவாங்கைப் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருந்தும் இந்த நிலைதான். படம் எடுக்குமுன் போனில் இருப்பிடக் குறிப்பை அணைத்துவிடுங்கள். ஊர்ப் பெயரோடு படத்தைப் பகிராதீர்கள்.