ஒரு டிஸ்க் செத்தால் எந்த யுனிக்ஸ் எழுந்து வரும்?

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளின் சர்வர் ரூமில் வேலைக்கு வரும் தம்பிமார் "அண்ணே, மிரர் போட்டாச்சு, சிங்க்கும் முடிஞ்சிருச்சு" என்று வந்து நிற்பார்கள். மிரர் என்றால் ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதி வைப்பது, சிங்க் என்றால் இரண்டையும் ஒன்றுபோல் ஆக்குவது. நான் கேட்பது ஒன்றுதான்: முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ரீபூட் பண்ணிப் பார்த்தாயா? சோலாரிஸ், ஏஐஎக்ஸ், எச்பி-யூஎக்ஸ் என்ற மூன்று யுனிக்ஸில் எதிலும் மிரர் போடுவது பெரிய வித்தை இல்லை, டிஸ்க் போன பிறகுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும்.

அதிகம் படுத்துவது சோலாரிஸின் பழைய மிரர் கருவியான சோலாரிஸ் வால்யூம் மேனேஜர். மிரர் விவரத்தை ரெப்ளிக்கா என்ற சின்னச் சின்னப் பதிவுகளில் வைத்திருக்கும். இரண்டே டிஸ்க், ஒவ்வொன்றிலும் மூன்று ரெப்ளிக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிஸ்க் போனால் மிச்சம் மூன்று, சரி பாதி. ஓடும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் ரீபூட் ஆக பாதிக்கு மேல், அதாவது நான்கு வேண்டும். ராத்திரி கரண்டு போய் வந்தால் மெஷின் நிர்வாகி மட்டும் நுழையக்கூடிய சிங்கிள் யூசர் மோடில் உட்கார்ந்துவிடும், நீங்கள் கன்சோலுக்குப் போய் ரூட் பாஸ்வேர்டு கொடுத்து, செத்த டிஸ்க்கின் ரெப்ளிக்காக்களை மெட்டாடிபி கட்டளையால் அழித்து, மறுபடி ரீபூட் பண்ண வேண்டும். மூன்றாவது டிஸ்க் ஒன்றில் ரெப்ளிக்கா வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. பாதி ரெப்ளிக்கா இருந்தாலே பூட் ஆகவிடும் மிரர்டு ரூட் ஃபிளாக் என்று ஒரு குறுக்கு வழியும் உண்டு, ஆனால் பழைய விவரத்தை நம்பி பூட் ஆகிவிடும் ஆபத்து இருப்பதால் எனக்கு அதில் மனசு ஒப்பாது.

சோலாரிஸின் புதிய ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ்-இல் ரெப்ளிக்கா கணக்கே கிடையாது. செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணைப் பார்த்து எந்தப் பக்கத்து டேட்டா கெட்டது என்று கண்டுபிடித்து, நல்ல பக்கத்திலிருந்து எடுத்துத் தானே திருத்திக்கொள்ளும், பழைய மிரர்களுக்கு அந்த அறிவு இல்லை. சோலாரிஸ் 10-இல் 2008 அக்டோபர் வெளியீட்டிலிருந்து சிஸ்டம் இருக்கும் ரூட்டையே அதில் வைக்கலாம், ஆனால் டிஸ்க்கைப் பிறகு சேர்த்தால் மெஷினை எழுப்பும் பூட் பிளாக்கை அதில் நாம்தான் கைப்பட எழுத வேண்டும். மெமரியையும் தாராளமாகத் தின்னும், டேட்டாபேஸ் ஓடும் பெட்டியில் அதற்கு வரம்பு போட்டே ஆக வேண்டும்.

ஏஐஎக்ஸ் ஆள் குறைவான ஆபீசுக்குத் தோதானது: எக்ஸ்டெண்ட்விஜி, மிரர்விஜி, பாஸ்பூட், பூட்லிஸ்ட், நான்கே கட்டளை. பாதிக்கு மேல் பதிவு இருக்கிறதா என்று பார்க்கும் கோரம் (quorum) சோதனையை மிரர்விஜி தானாகவே நிறுத்திவிடும். எந்தெந்த டிஸ்க்கிலிருந்து பூட் ஆகலாம் என்று சொல்லும் கடைசிக் கட்டளையை மறந்தால் மட்டும், டேட்டா பத்திரமாக இருந்தும் மெஷின் அந்த டிஸ்க்கைத் தேடிப் போகாது. எச்பி-யூஎக்ஸ்-இல் அடிப்படைத் தொகுப்போடு மிரர் வராது, மிரர்டிஸ்க்கைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், பூட்டுக்குக் கோரம் பார்க்காதே என்பதையும் நாமே சொல்லி வைக்க வேண்டும். அதன் வழக்கமான ஆதரவும் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டதால் புதிதாக யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒரே மெஷினில் ஓடும் வேலைகளுக்குள் சிபியூ பங்கீடு. மாசக் கடைசி ரிப்போர்ட் ஓடும்போது கவுண்டர் ஸ்கிரீன் தொங்கக்கூடாது, அவ்வளவுதான் தேவை. கவுண்டருக்கு 30 ஷேர் (பங்கு), ரிப்போர்ட்டுக்கு 10 என்று கொடுத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்போது ரிப்போர்ட்டுக்கு 25 சதவீதம், கவுண்டர் சும்மா இருந்தால் முழு சிபியூவும் அதற்கே. ஷேருக்குப் பதிலாக கேப், அதாவது உச்ச வரம்பு, போட்டுவிட்டால் ராத்திரி சிபியூ சும்மா கிடந்தாலும் ரிப்போர்ட் ஊர்ந்துதான் போகும். மூன்று யுனிக்ஸிலும் ஷேர் உண்டு; ஏஐஎக்ஸ்-இன் பங்கீட்டுக் கருவியான டபிள்யூஎல்எம்-இல் டியர் என்ற முன்னுரிமை அடுக்கு வேறு இருப்பதால், கீழ் டியரில் போட்ட வேலை பட்டினி கிடக்கவும் கூடும். எனக்குப் பிடித்தது வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் சோலாரிஸ் ஜோனும், ஷேர்படி சிபியூ கொடுக்கும் ஃபேர் ஷேர் ஷெட்யூலரும்தான். மெமரி விஷயத்தில் மட்டும் அது சொதப்பும்: மெமரி வரம்பைக் கவனிக்கும் ஆர்கேப்டி, வரம்பைத் தாண்டிய புரோசஸின் மெமரிப் பக்கங்களை டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்புக்குத் தள்ளும், ஸ்வாப் மிரர் டிஸ்க்கில் இருந்தால் ஒவ்வொரு தள்ளலும் இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படும், ரிப்போர்ட்டுக்குப் போட்ட வரம்பால் கவுண்டர்தான் தொங்கும். அந்த வரம்பைக் கொஞ்சம் தாராளமாகவே வையுங்கள்.