சைபர்பங்க் 2077: ரசிகர் சண்டையை ஒதுக்கிவிட்டு விளையாடுங்கள்

எதிர்கால நகரம் ஒன்றில் நடக்கும் சைபர்பங்க் 2077 கேமை, குறைகளைச் சரிசெய்யும் 1.5 பேட்ச் வந்த சமயத்தில், 2022 தொடக்கத்தில், பிசியில் ஆரம்பித்தேன். அப்புறம் 2.0 அப்டேட் வந்ததும் முதலிலிருந்து மறுபடியும் விளையாடினேன், ஃபேன்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதையையும் சேர்த்து. இன்றைக்கும் அவ்வப்போது கேமின் நகரமான நைட் சிட்டிக்குள் போய் வருகிறேன். இவ்வளவு காலம் பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த கேமை வைத்து இணையத்தில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை கேமைப் பற்றியவையே அல்ல. கேமில் நடித்த ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸ் நல்லவர் என்பதற்கும், கேமை உருவாக்கிய சிடி ப்ராஜெக்ட் ரெட் கம்பெனி துரோகம் செய்துவிட்டது என்பதற்கும், பிறகு அதே கம்பெனி திருந்திவிட்டது என்பதற்கும் நடந்த சண்டைகள் அவை. புகழ் ஒரு மனிதனை என்ன செய்கிறது, ரசிகன் எந்த இடத்தில் ஆபத்தானவன் ஆகிறான் என்பதைப் பற்றி இந்த கேமுக்குள்ளேயே அருமையான கதைகள் இருக்கின்றன. அவற்றைப் பேசியவர்கள் குறைவு.

2019 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இ3 என்ற வீடியோ கேம் விழாவில் கியானு மேடைக்கு வந்ததை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். நகரத்தை வர்ணித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து கூட்டத்திலிருந்து ஒருவர் "நீங்கள்தான் பிரமாதம்" என்ற பொருளில் கத்த, அவர் அதையே திருப்பி அந்த ரசிகருக்கும் அரங்கம் முழுவதுக்கும் சொன்னார். கத்தியவருக்கு கம்பெனி பின்னால் ஒரு கலெக்டர்ஸ் எடிஷன் தருவதாக அறிவித்தது. அழகான தருணம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றையிலிருந்து இந்த கேமைப் பற்றிக் கேள்வி கேட்பது ஒரு நல்ல மனிதரை அவமதிப்பதுபோல் ஆகிவிட்டது. ஒரு நடிகரின் நல்ல குணத்துக்கும் ஒரு மென்பொருளின் தரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. விளம்பரம் அந்த இரண்டையும் ஒட்ட வைத்தது, ரசிகர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

விளைவு 2020 டிசம்பரில் தெரிந்தது. கேம் வெளியான தேதி டிசம்பர் 10. விமர்சனங்கள் 7-ஆம் தேதியே வந்துவிட்டன. கேம்ஸ்பாட் விமர்சகர் 10-க்கு 7 கொடுத்தார். அதற்காக அவரைக் கும்பல் கும்பலாக வந்து திட்டித் தீர்த்தார்கள். திட்டியவர்களில் ஏறக்குறைய யாரும் அப்போது கேமைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. முன்பதிவு செய்திருந்தார்கள், அவ்வளவுதான். அதே நாட்களில் கேம் இன்ஃபார்மர் பத்திரிகையின் எழுத்தாளர் ஒருவர், கேமில் வரும் பிரெயின்டான்ஸ் (இன்னொருவரின் அனுபவத்தைப் பதிவுசெய்து அப்படியே உணரும் கருவி) காட்சியின் மின்னும் விளக்குகள் தனக்கு வலிப்பை உண்டாக்கின என்று எழுதி, அந்தப் பிரச்சினை உள்ளவர்களை எச்சரித்தார். உயிரைக் காக்கும் தகவல் அது. அவருக்குப் பதிலாகக் கிடைத்தது என்ன தெரியுமா? வலிப்பைத் தூண்டக்கூடிய மின்னும் வீடியோக்களைத் தேடித் தேடி அனுப்பினார்கள். ஒரு கேமைக் காப்பாற்றுவதற்காக ஒரு மனிதரின் உடம்பைத் தாக்கத் துணிந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கம்பெனி சில நாட்களிலேயே அந்தக் காட்சியை மாற்றியது. அவர் சொன்னது சரி என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. விமர்சகர்களுக்கு முன்கூட்டி பிசி பதிப்பை மட்டுமே கொடுத்திருந்தார்கள். பழைய பிளேஸ்டேஷன் 4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் கேம் எந்த நிலையில் இருக்கிறது என்பது வாங்கியவர்களுக்கு விற்பனை அன்றுதான் தெரிந்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. சோனி தன் ஸ்டோரிலிருந்தே கேமை எடுத்துவிட்டது, 2021 ஜூனில்தான் திரும்ப வைத்தது. இத்தனைக்கும் டிசம்பர் 20-க்குள் 1 கோடியே 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தன. கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்த இடத்தைப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் வெளியீடு இன்னும் 21 நாள் தள்ளிப்போனபோதே கேமை உருவாக்கிய ஊழியர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. அந்த ஊழியர்கள் அப்போது வாரத்துக்கு 6 நாள் கட்டாய வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டாயக் கூடுதல் வேலை இருக்காது என்று முன்பு அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தது நிர்வாகம். தேதியை முடிவு செய்தவர்களும் திட்டு வாங்கியவர்களும் ஒரே ஆட்கள் அல்ல.

2022 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் இதே கேமின் உலகத்தில் நடக்கும் எட்ஜ்ரன்னர்ஸ் அனிமே வந்தது, கூட்டம் மறுபடியும் நைட் சிட்டிக்குத் திரும்பியது. அந்த வருடக் கடைசியில் கேம் விற்கும் தளமான ஸ்டீமில் பயனர்கள் ஓட்டுப் போட்டு 'அன்பின் உழைப்பு' விருதைக் கொடுத்தார்கள். 2023-இல் தி கேம் அவார்ட்ஸ் மேடையில் சிறந்த தொடர் பராமரிப்புக்கான விருது. இந்த இரண்டு விருதிலுமே எனக்கு உடன்பாடில்லை. உழைத்தவர்களின் உழைப்பு உண்மையானது, அதற்கு என் மரியாதை உண்டு. ஆனால் உடைந்த பொருளைக் காசு வாங்கிக்கொண்டு விற்றுவிட்டுப் பிறகு சரிசெய்து கொடுப்பது கடமை. முழுமையான கேமை முதல் நாளே கொடுத்துவிட்டு, அதன்பிறகும் வருடக்கணக்கில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்குப் போக வேண்டிய விருது அது.

சரி, கேமுக்கு வருகிறேன்.

கதை சுருக்கமாக இதுதான். நாம் ஆணாகவோ பெண்ணாகவோ தேர்ந்தெடுத்து விளையாடும் வி என்ற கூலிப்படை ஆளின் தலைக்குள் ஒரு சிப். அதில் ஜானி சில்வர்ஹேண்ட் என்ற பழைய ராக் பாடகனின் மனம் பதிவாகியிருக்கிறது. அவன், கதைப்படி 2023-இல், அரசாகா என்ற பெரிய கம்பெனியின் கட்டடத்தின் மீது குண்டுவைத்த தாக்குதலில் செத்துப்போனவன். சிப் மெல்ல மெல்ல வியின் மூளையை அழித்து ஜானியுடையதாக மாற்றிக்கொண்டிருக்கிறது. ஜானியாக நடிப்பவர்தான் கியானு.

ஜானி நல்லவனே அல்ல, இதுதான் எழுத்தாளர்கள் எடுத்த துணிச்சலான முடிவு. தன்னை நேசித்த எல்லோரையும் பயன்படுத்திக்கொண்டவன், தன் கதையில் தானே நாயகன் என்று ஞாபகம் வைத்திருப்பவன். உலகமே தங்கமான மனிதர் என்று கொண்டாடும் நடிகரின் முகத்தை எடுத்து இப்படிப்பட்ட ஒருவனுக்கு மாட்டியிருக்கிறார்கள். அந்த உறுத்தல்தான் கதைக்கு உயிர். கியானுவின் நடிப்பு எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இல்லை என்பது என் கருத்து. கத்தும் காட்சிகளில் வசனத்தை வாசிப்பதுபோல் இருக்கிறது. எண்ணெய் வயலில், செத்தபின் ஜானியின் உடம்பை எறிந்துவிட்டுப் போன இடத்தில் நின்று வியோடு தணிந்த குரலில் பேசும் காட்சியில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கேமைத் தோளில் சுமப்பவர் அவர் இல்லை. பெண் விக்குக் குரல் கொடுத்திருக்கும் செரமி லீதான். பயம், வீம்பு, சாகப்போகிறோம் என்று தெரிந்தபிறகு வரும் களைப்பு, எல்லாம் அந்தக் குரலில் இருக்கிறது. கட்அவுட் வைப்பதென்றால் அவருக்கு வைத்திருக்க வேண்டும்.

கியானு மீதான மோகம் எங்கே போய் முட்டியது என்பதற்கு இன்னொரு சம்பவம். கேம் வந்த சில வாரங்களிலேயே, ஜானியோடு உடலுறவுக் காட்சி வருமாறு கேமை மாற்றும், ரசிகர் உருவாக்கிய ஒரு மாட் பரவியது. கம்பெனி அதை நீக்கச் சொன்னது. கேமுக்கு முகம் கொடுத்த உண்மையான மனிதர்களின் சம்மதமில்லாமல் இப்படிச் செய்யக்கூடாது என்பது அவர்கள் வைத்த காரணம். நூற்றுக்கு நூறு சரியான முடிவு.

இதே கேள்வியை கேமுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். லிஸி விஸி என்ற பாடகி உடம்பு முழுக்க உலோகமாக மாறியவள். அவளுக்குக் குரல் கொடுத்தவர் நிஜப் பாடகி கிரைம்ஸ். தன் காதலனும் மேலாளருமான ஆளை வேவு பார்க்கச் சொல்லி வியிடம் வருகிறாள். அவன் ரகசியமாகச் செய்துகொண்டிருப்பது என்ன என்றால், அவளுடைய மனதை நகலெடுக்க ஏற்பாடு. அசல் ஆள் சொன்னபடி கேட்காவிட்டால் நகலை வைத்துத் தொழிலை நடத்தலாமே! குரலையும் முகத்தையும் ஏஐ நகலெடுக்கும் இந்த நாட்களில் அந்த மிஷனை விளையாடினால் வயிற்றைக் கலக்கும்.

அஸ் கிராக்ஸ் என்ற பாப் குழுவின் பாடகி ப்ளூ மூனுக்கு ஒரு ரசிகனிடமிருந்து மிரட்டல் வருகிறது. அதற்குப் பயந்து வீட்டில் அடைந்து கிடக்க அவள் தயாரில்லை. கூட்டத்துக்கு நடுவே அவள் நடந்து போக, நாம் பின்னாலேயே போய் ஒவ்வொரு முகமாக ஸ்கேன் செய்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். சின்ன மிஷன்தான். ஆனால் நேசத்தோடு பார்ப்பவர்களுக்கு நடுவில் கொல்ல வந்தவனைப் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை விரலில் உணர வைக்கிறார்கள். 2020-இல் ரசிகர் கும்பல்களின் தாக்குதலுக்கு ஆளான அந்த விமர்சகர்களை நினைக்காமல் என்னால் இதை விளையாட முடியவில்லை.

கெர்ரி யூரோடைன் கதைத்தொடரைத் தவறவே விடாதீர்கள். ஜானியின் பழைய சாமுராய் குழுவில் கிடார் வாசித்தவன். இப்போது நார்த் ஓக்கில் மாளிகை, பணம், பெயர் எல்லாம் இருந்தும் உள்ளுக்குள் ஒன்றுமில்லாமல் இருக்கிறான். அவன் பாட்டை அஸ் கிராக்ஸ் பெண்கள் எடுத்துப் பாடுகிறார்கள் என்று தெரிந்ததும் வெறிபிடித்து அலைகிறான். நேரில் சந்திக்கும்போதுதான் தெரிகிறது, அந்தப் பெண்கள் அவனுடைய ரசிகைகள். அவன் சம்மதித்துவிட்டான் என்றே நினைத்திருந்தார்கள். அவனுக்குத் தெரியாமல் எல்லாம் பேசி முடித்தது வியாபாரம் பார்ப்பவர்கள். ரசிகர்களும் கலைஞனும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் காட்டியிருக்கிறார்கள்.

ஜோஷுவா கதை இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. மரண தண்டனை பெற்ற கொலையாளி, சிறையில் மனம் திரும்பியவன். தன்னைச் சிலுவையில் அறைவதை பிரெயின்டான்ஸாகப் பதிவுசெய்து விற்க ஒரு ஸ்டூடியோவுக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறான். அவனுக்குத் துணை நிற்பதா, விலகிப் போவதா, ஆணியை நம் கையாலேயே அடிப்பதா என்பது நம் முடிவு. இதை விளையாடி முடித்த இரவு நான் வேறு எதுவும் விளையாடவில்லை.

நீண்ட காலப் பயன்பாட்டில் கேம் எப்படி மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த 2.0-தான் பெரிய மாற்றம். பாத்திரத்தின் திறன்களை வளர்க்கும் திறன் மரங்களை அடியோடு திருத்தி எழுதினார்கள். பாதுகாப்பு கவசம் உடையிலிருந்து சைபர்வேருக்கு (உடம்புக்குள் பொருத்தும் கருவிகளுக்கு) மாறியதால் பிடித்த சட்டையைப் போட்டுக்கொண்டே சண்டை போடலாம். போலீஸ் துரத்தல் ஓரளவு நம்பும்படி ஆனது, கார் ஓட்டிக்கொண்டே சுடலாம். அந்த வருட டிசம்பரில் மெட்ரோ ரயில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து நகரத்தைப் பார்த்தபடி போவது எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. 2025-இல் கார் தானாக ஓடும் வசதியும் வந்துவிட்டது.

எந்த பேட்ச்சும் தொடாத குறைகள் உண்டு. நாடோடி, தெருப்பிள்ளை, கார்ப்பரேட் ஊழியர் என்று மூன்று விதமாக வாழ்க்கையைத் தொடங்கலாம் என்பது விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லப்பட்டது. உண்மையில் சிறிது நேரத்திலேயே மூன்று பாதையும் ஒன்றாகிவிடுகின்றன, அதற்குப் பிறகு மிஞ்சுவது சில வசனத் தேர்வுகள் மட்டும். வியின் கூட்டாளி ஜாக்கியோடு நட்பு வளரும் 6 மாதத்தை ஒரு வேகமான காட்சித் தொகுப்பில் ஓட்டிவிட்டார்கள். அந்த மாதங்களை விளையாட விட்டிருந்தால் பிறகு வரும் இழப்பு இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். சாகப்போகிறாய், சீக்கிரம் என்று முக்கியக் கதை அவசரப்படுத்துகிறது. ஊரோ சுற்றிப்பார்க்க வா என்று இழுக்கிறது. இந்த முரண் கடைசிவரை தீரவில்லை. மனம் திரும்பிய ரசிகர்கள் இப்போது இவற்றைப் பேசவே விடுவதில்லை. அன்றைக்கு 7 மதிப்பெண் கொடுத்தவரை அடிக்கப் பாய்ந்த அதே மனநிலைதான் இதுவும்.

ஃபேன்டம் லிபர்ட்டியைத் தனியாக வாங்க வேண்டும், தயங்காமல் வாங்கலாம். டாக்டவுன் என்ற சுவர் வைத்த பகுதியில் நடக்கும் உளவுக் கதை. சாலமன் ரீடாக வரும் இட்ரிஸ் எல்பா, ஒரு நட்சத்திரம் கேமில் எப்படி நடிக்க வேண்டும் என்பதற்கு உதாரணம். குரலை உயர்த்தாமலே மிரட்டுகிறார், பரிதாபப்படவும் வைக்கிறார். அவரை நம்புவதா, சாங்பேர்ட் என்ற ஹேக்கர் பெண்ணை நம்புவதா என்ற கேள்விக்கு நான் இரண்டு விதமாகவும் முடிவெடுத்துப் பார்த்துவிட்டேன், இரண்டிலுமே நிம்மதி கிடைக்கவில்லை. கேமின் மொத்தக் கதைக்கும் இன்னொரு முடிவு இதன் வழியாகத் திறக்கிறது. பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதுதான் எல்லா முடிவுகளிலும் நேர்மையானதாகப் பட்டது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் எஸ்எஸ்டியில் இன்ஸ்டால் செய்யுங்கள், ஹார்ட் டிஸ்க்கில் வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு நடுத்தரமானது என்றால் ஒளியை நிஜம்போல் காட்டும் ரே டிரேசிங்கை அணைத்துவிடுங்கள், ஊர் அப்போதும் அழகாகவே இருக்கும். முக்கியக் கதையில் வேகமாக ஓடாமல் கெர்ரி, ஜோஷுவா, லிஸி மூவரின் மிஷன்களையும் முடித்துவிட்டு டாக்டவுனுக்குப் போங்கள். இரண்டாம் பாகத்தின் வேலை தொடங்கிவிட்டதாக அறிவித்திருக்கிறார்கள். அதை நான் முன்பதிவு செய்யப்போவதில்லை.