அல்துன் ஹா: பெலிஸில் அரை நாளில் பார்த்துவரக்கூடிய மாயன் நகரம்

மேற்குக் கரீபியன் கடலில் செல்லும் சுற்றுலாக் கப்பல்கள் ஒரு துறைமுகத்தில் பெரும்பாலும் ஒரு பகல் பொழுதுக்கு மேல் நிற்பதில்லை. மாயன் மக்களின் பழைய நகரம் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்று கப்பல் ஏறுகிறவர்கள் பெயர் பெற்ற இடங்களையே முதலில் தேடுகிறார்கள். ஆனால் கரைச் சுற்றுலாவைப் பொறுத்தவரை, அந்த இடம் துறைமுகத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இறங்கி, புகழ்பெற்ற மாயன் நகரமான சிச்சென் இட்சாவுக்குப் போக நினைப்பவர், படகில் பிளாயா டெல் கார்மெனுக்குக் கடல் கடந்து, அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் பேருந்தில் உட்கார்ந்து, வந்த வழியே அதே அளவு நேரம் திரும்பவும் வேண்டும். மத்திய அமெரிக்க நாடான பெலிஸின் துறைமுக நகரம் பெலிஸ் சிட்டிக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அல்துன் ஹாவுக்கு இந்த அலைச்சல் இல்லை. கப்பல் நிறுவனத்தின் வழியாகப் பதிவு செய்து சென்ற அந்தச் சுற்றுலாவைப் பற்றியதே இந்த மதிப்புரை.

பெலிஸ் சிட்டியில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. பவளத்திட்டுக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது என்பதால், சில கிலோமீட்டர் தள்ளியே நங்கூரம் இட்டுவிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் பயணிகளைக் கரை சேர்க்கிறார்கள். இந்தப் படகுப் பயணம் ஏறத்தாழ இருபது நிமிடம். ஆனால் அதற்கு முன் வரிசையில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கப்பல் வழியாகச் சுற்றுலா பதிவு செய்தவர்களுக்குப் படகில் முன்னுரிமை தந்தார்கள் என்பது, கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குக் கிடைத்த முதல் பலன்.

கரையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். நெடுஞ்சாலையை விட்டுப் பழைய வடக்குச் சாலைக்குள் திரும்பியதும் பாதை குறுகி, வண்டி குலுங்கத் தொடங்குகிறது. முதுகுவலி உள்ளவர்கள் பின் இருக்கைகளைத் தவிர்ப்பது நல்லது. இந்த ஒரு மணி நேரத்தை எங்கள் வழிகாட்டி வீணாக்கவில்லை. பெலிஸ் 1981 வரை பிரிட்டனின் ஆட்சியில் இருந்த நாடு. ஆங்கிலமே ஆட்சிமொழி என்பதால் பேச்சு புரியாத சிக்கல் எழவில்லை. இறங்கிய பிறகு நின்று கேட்க வேண்டிய வரலாற்றில் பாதியை அவர் வண்டியிலேயே சொல்லி முடித்துவிட்டார். வெயிலில் நிற்கும் நேரம் அந்த அளவுக்குக் குறைந்தது. இந்தச் சுற்றுலாவில் நான் மிகவும் பாராட்டும் அம்சம் அதுவே.

அல்துன் ஹா கடலிலிருந்து 10 கிலோமீட்டர் அளவிலேயே உள்ள நகரம். வணிகத்தால் செழித்து, கி.பி. பத்தாம் நூற்றாண்டு வாக்கில் மங்கியது. 1963இல் கல் உடைக்கும் தொழிலாளர்களின் கையில் ஜேட் எனப்படும் பச்சைக்கல்லில் செதுக்கிய பதக்கம் ஒன்று அகப்பட்ட பிறகே இங்கு முறையான அகழாய்வு தொடங்கியது. கனடாவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் பெண்டர்காஸ்ட் 1964 முதல் 1970 வரை அதை நடத்தினார். பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது இரண்டு பெரிய முற்றங்களும் அவற்றைச் சூழ்ந்த கோயில்களும் மட்டுமே. நகரத்தின் மீதிப் பகுதி இன்னும் காட்டுக்குள் மண்மேடுகளாகக் கிடக்கிறது. மாயன் நகரம் என்றதும் எழுத்துகள் செதுக்கிய உயரமான நடுகற்களை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். இங்கு அப்படி ஒரு கல்கூடக் கிடைக்கவில்லை. மன்னர்களின் பெயர்களையும் போர்களையும் நடுகற்களில் எழுதிவைக்காத ஒரு நகரத்தின் கதையைக் கல்லறைகளில் கிடைத்த பொருள்களைக் கொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது. அதனாலேயே வழிகாட்டி இல்லாமல் இங்கே சுற்றுவதில் பயனில்லை என்கிறேன்.

முதல் முற்றத்தில் உள்ள ஒரு கோயிலின் கல்லறையில் ஏறத்தாழ முந்நூறு பச்சைக்கல் பொருள்களோடு, மக்கிப்போன ஒரு மாயன் நூலின் எச்சங்களும் இருந்தன. மற்றொரு கல்லறையில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் மெக்சிகோவில் இருந்த தெயோத்திஹுவாக்கானிலிருந்து வந்த பச்சை நிற எரிமலைக் கண்ணாடிக்கல் கருவிகள் கிடைத்தன. இந்தச் சிறிய ஊருக்கும் அந்தப் பெருநகரத்துக்கும் கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே தொடர்பு இருந்திருக்கிறது என்பதை, புல்வெளியைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஓர் இடத்தில் நின்றுகொண்டுதான் கேட்டோம். அப்படிக் கேட்டபோதும் கூட்டத்தில் ஒருவரும் கைப்பேசியை எடுக்கவில்லை என்றால் சொன்னவரின் திறமையை ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் முற்றத்தில்தான் எல்லோரும் படம் எடுக்கும் கோயில் இருக்கிறது. 16 மீட்டர் உயரமுள்ள இது, முந்தைய கட்டடத்தை உள்ளே மூடி அதன் மேல் அடுத்ததைக் கட்டி, பல தலைமுறைகளாக வளர்ந்தது. உச்சியில் வட்டமான பலிபீடம் ஒன்று உண்டு. செதுக்கிய பச்சைக்கல் அணிகளை உடைத்து, கோபால் எனப்படும் நறுமண மரப் பிசினோடு சேர்த்து அங்கே தீயில் இட்டிருக்கிறார்கள். கடலோரச் சமவெளியில் கிடைக்காத, தொலைவிலிருந்து விலை கொடுத்து வரவழைத்த கல்லை வேண்டுமென்றே நொறுக்கினார்கள் என்பதே அவர்களுடைய வழிபாட்டின் தீவிரத்தை உணர்த்துகிறது. இந்தக் கோயிலுக்குள் ஏழாம் நூற்றாண்டில் அடக்கம் செய்யப்பட்ட ஒரு முதியவரின் உடலோடு, 1968இல் சூரியக் கடவுள் கினிச் அஹாவின் தலை வெளிப்பட்டது. ஒரே பச்சைக்கல்லில் செதுக்கிய அதன் எடை 4.42 கிலோ. இன்று பெலிஸின் பணத்தாள் ஒவ்வொன்றிலும் அந்த முகம் இருக்கிறது. அசலை இங்கே பார்க்க முடியாது. நுழைவாயில் அருகே உள்ள சிறிய காட்சியகத்தை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடலாம்.

இந்தக் கோயிலின் மீது ஏற அனுமதி உண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சிச்சென் இட்சாவின் பெரிய பிரமிடிலும், மெக்சிகோவின் மற்றொரு மாயன் நகரமான துலூமில் உள்ள காஸ்தில்லோ கோயிலிலும் இப்போது யாரும் ஏற முடியாது. கயிற்றுக்கு இப்பால் நின்று பார்ப்பதோடு சரி. இங்கே பின்புறம் மரப்படிகள் அமைத்திருப்பதால், செங்குத்தான கற்படிகளுக்கு அஞ்சுகிறவர்களும் மேலே போக முடிகிறது. இறங்கும்போது முழங்கால் நோகும் என்பவர்கள் முற்றத்தின் ஓரத்தில் மர நிழலில் இருந்துவிடலாம். அங்கிருந்தே கோயிலின் முகப்பு முழுவதும் தெரிகிறது. கண்ணில் படுவது அனைத்தும் பழைய கட்டுமானம் அல்ல என்பதையும் அறிந்து பார்க்க வேண்டும். அகழாய்வுக்குப் பின் சீரமைத்த பகுதிகள் பல உள்ளன; அவை எவை என்று வழிகாட்டி தானாகவே காட்டியிருக்கலாம். கேட்ட பிறகே காட்டினார்.

குறைகள் என்று பார்த்தால், பெரிய குறை நேரப் பங்கீட்டில்தான். தொல்நகரத்துக்குள் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். திரும்பும் வழியில் சுற்றுலா நடத்துபவர் ஒரு நினைவுப்பொருள் கடையில் வண்டியை நிறுத்தி, அரை மணிக்கு அருகில் எடுத்துக்கொண்டார். பயண விவரத்தில் இதை ‘இளைப்பாறும் இடம்’ என்று குறித்திருந்தார்கள். அந்த நேரத்தை முற்றங்களில் செலவிட்டிருந்தால் கோயிலின் மேலே நிதானமாக நிற்க முடிந்திருக்கும். மதிய உணவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

பெலிஸிலிருந்தே செல்லக்கூடிய மற்றொரு மாயன் நகரம் லமனாய். நியூ ரிவர் ஆற்றில் படகில் செல்லும் அந்த வழியும், அங்குள்ள 33 மீட்டர் உயரக் கோயிலும் இதைவிடச் சிறப்பானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏறத்தாழ முழுப் பகலையும் அது விழுங்கிவிடும் என்பதால், கப்பல் மாலை வரை நிற்கும் நாளாக இருந்தால் மட்டுமே அதைத் தேர்ந்தெடுக்கலாம். சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு அல்துன் ஹாவே ஏற்றது.

தொப்பி, தண்ணீர், கொசு விரட்டி ஆகிய மூன்றும் இன்றிப் போகக் கூடாது. பெலிஸ் டாலர் மாற்ற வேண்டிய தேவை இல்லை. இரண்டு பெலிஸ் டாலருக்கு ஓர் அமெரிக்க டாலர் என்ற நிலையான மதிப்பில் எங்கும் அமெரிக்கப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள், மீதிச் சில்லறை மட்டும் உள்ளூர்ப் பணத்தில் வரலாம். வெளியே தனி வண்டி பிடித்தால் செலவு குறையும், கடை நிறுத்தமும் இராது. ஆயினும் கப்பல் வழியாகப் பதிவு செய்த குழு தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகச் சென்றவருக்குக் காத்திராது. பெலிஸ் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது, கப்பலின் கடிகாரமோ அதிலிருந்து வேறுபட்டிருக்கலாம் என்பதால், தனியாகப் போகிறவர்கள் கடைசி டெண்டர் படகின் நேரத்தைக் கப்பல் நேரப்படி குறித்துக்கொண்டு கரை இறங்க வேண்டும்.